பாலையில் இருத்தல்

தொல்காப்பியர் பாலைக்கு நிலம் ஒதுக்கவில்லை. காட்டுக்கு முல்லை, மலைக்குக் குறிஞ்சி, வயலுக்கு மருதம், கடற்கரைக்கு நெய்தல் என்று பங்கிட்டுவிட்டு, நடுவில் இருக்கும் பாலையை நிலமில்லாமல் விட்டுவிட்டார். பின்னால் வந்த சிலப்பதிகாரம், முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்து பாலையாகும் என்று ஒரு விளக்கம் தந்தது. நிலமில்லாத அந்தத் திணைக்கு ஒழுக்கம் மட்டும் உண்டு: பிரிதல். பிரிந்து போகிறவன் ஆண். ஓதுவதற்கு, போருக்கு, தூதுக்கு, பொருளுக்கு என்று அவனுக்குக் காரணங்கள் உண்டு. பெண் பாலையில் கால்வைக்க இருக்கும் ஒரே வழி உடன்போக்கு, அதாவது அவன் பின்னால் போவது. முந்நீர்ப் பயணத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று ஒரு நூற்பாவே இருக்கிறது. அந்த ‘முந்நீர்’ கடலா வேறா என்று உரையாசிரியர்கள் வேறுவேறு பொருள் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் பெண் வீட்டில்தான் இருக்கிறாள்.

முல்லைக்கு உரிய ஒழுக்கம் இருத்தல். உரைமரபு அதை ஆற்றியிருத்தல் என்று விரித்தது. அவன் வரும்வரை பொறுத்துக்கொண்டு இருப்பது. ஆக, ஆணுக்குப் பிரிதல், பெண்ணுக்கு இருத்தல். நான் வேலை பார்ப்பது ஒரு பெண்கள் கல்லூரியில். முதுகலை வகுப்பில் பாலைப் பாட்டு நடத்தும்போது ஆண்டுதோறும் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள்: “மேம், அவன் திரும்பி வர்ற வரைக்கும் அவ என்னதான் பண்ணிட்டிருந்தா?” பாட்டுகள் தரும் பதில் நமக்குத் தெரியும். வளை நெகிழ்ந்தது, நெற்றி பசந்தது, சுவரில் கோடு போட்டு நாளை எண்ணினாள். அந்த நாட்களில் நெல்லை யார் குத்தினார்கள், விறகு எங்கிருந்து வந்தது, மாமியாருக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் பாட்டுக்குள் வருவதில்லை.

போன ஜூன் மாதம், தென்னமெரிக்க நகரம் ஒன்றில் கவிதை வாசிக்க எனக்கு அழைப்பு வந்தது. அவ்வளவு தூரம் போகிறோமே என்று, விழா முடிந்ததும் பொலிவியாவின் தென்மேற்கு மூலைக்குப் போய் மூன்று நாள் ஜீப் பயணம் ஒன்றில் சேர்ந்துகொள்ளத் திட்டமிட்டேன். உப்புவெளி, எரிமலைகள், ஏரிகள், மரமில்லாத மேட்டுநிலம். விடுப்புக் கடிதம் கொடுத்தபோது துறையில் கேட்ட முதல் கேள்வி, “சார் வரலையா மேடம்?” இரண்டாவது கேள்வி, “அப்போ வீட்ட யார் பாத்துக்குவா?” இரண்டும் அக்கறையோடு கேட்கப்பட்டவைதான். தூது போகிற தலைவனிடம் எந்தப் பாங்கனும் இரண்டாவது கேள்வியைக் கேட்டதில்லை. பதில் எளிது: அம்மா. தூத்துக்குடியிலிருந்து எழுபத்திரண்டு வயதில் ரயிலேறி வந்தாள். “நீ போயிட்டு வாட்டி. புள்ளைய நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். பிளஸ் டூ படிக்கும் மகளையும், சமைக்கத் தெரிந்தும் சமைக்காத மருமகனையும், காலை ஐந்தரைக்கு வரும் தண்ணீரையும் சேர்த்துத்தான் அவள் ‘புள்ள’ என்றாள்.

உயுனி ஊர் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியைவிட ஆயிரம் மீட்டர் மேலே. படியேறினால் மூச்சு வாங்கும், தலை விண்விண்ணென்று தெறிக்கும். விடுதியில் கோக்கா இலை போட்ட வெந்நீர் கொடுத்தார்கள். பழைய டொயோட்டா லேண்ட் குரூசரில் ஓட்டுநரோடு ஏழு பேர்: அர்ஜென்டினா மாணவிகள் இருவர், பணி ஓய்வு பெற்ற பிரெஞ்சுத் தம்பதி, கொரியாவிலிருந்து தனியாக வந்த இளம்பெண், நான். ஓட்டுநருக்கு ஸ்பானியமும் கெச்சுவாவும் தெரியும். அந்த மாணவிகளில் ஒருத்திதான் எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஊரை விட்டு வெளியேறும் இடத்தில் ரயில்களின் இடுகாடு. சிலியின் அன்டோஃபகாஸ்டா துறைமுகத்திலிருந்து 1889இல் உயுனிக்கு இருப்புப்பாதை வந்தது. மலையில் வெட்டிய கனிமத்தைக் கடலுக்குக் கொண்டுபோக வந்த பாதை. அதற்குச் சற்று முன்புவரை அந்தக் கடற்கரை பொலிவியாவுடையது. 1879இல் தொடங்கிய போரில் சிலியிடம் அதை இழந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் மார்ச் 23 அன்று கடல் நாள் கொண்டாடுகிறார்கள், கடலில்லாத நாட்டுக்குக் கடற்படையும் இருக்கிறது. அந்தப் போரில் உயிர்விட்ட எதுவார்தோ அவரோவாவின் பெயரைத்தான் நாங்கள் போகவிருந்த தெற்குக் காப்புநிலத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

கடலில்லாத நாட்டில் உப்பு மட்டும் கடலாக இருக்கிறது. சலார் தெ உயுனி என்ற அந்த உப்புவெளியின் பரப்பு பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். பழைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தை முழுதாக உள்ளே வைத்துவிட்டு வரப்பு கட்ட இடம் மிச்சமிருக்கும். பழங்கால ஏரிகள் வற்றி வற்றி விட்டுப்போன உப்பு அது. ஜூன் மாதம் அங்கே வறண்ட குளிர்காலம். தரை காய்ந்து அறுகோணம் அறுகோணமாக வெடித்து, கோலத்துக்குப் புள்ளி வைத்த கை நிறுத்தாமல் தொடுவானம்வரை போய்விட்டதுபோலக் கிடக்கிறது. நடுவில் இன்காவாசி என்றொரு பாறைத் தீவு. அதன்மேல் ஆளுயரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு கள்ளிகள். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்வதாகச் சொல்கிறார்கள்.

உப்புவெளிக்கு வடக்கே துனுபா எரிமலை நிற்கிறது, 5,300 மீட்டருக்கு மேல். இங்கே சொல்லப்படும் கதைகளில் ஒன்றில் மலைகள் எல்லாம் ஒருகாலத்தில் மனிதர்கள். துனுபாவின் கணவன் குஸ்கு, குஸினா என்பவளோடு போய்விடுகிறான். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த துனுபா அழுகிறாள். கண்ணீரும் பாலும் கலந்து பெருகிக் காய்ந்ததுதான் இந்த உப்பு. ஸ்பானியர் காலத்து ஏடுகளில் துனுபா ஊர் ஊராகத் திரிந்த ஓர் ஆண் தெய்வமாகவும் வருகிறது. ஏடு எழுதியவர்களின் துனுபா நடக்கிறான். மக்களின் கதையில் துனுபா இருக்கிறாள்.

பிரிவின் கதைதான் இதுவும். நம் தலைவியின் துயரம் அவள் உடலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, பசலையாக, மெலிவாக. துனுபாவின் துயரம் வெளியே வழிந்து ஒரு வட்டாரத்தின் பிழைப்பாகிவிட்டது. உப்புவெளியின் ஓரத்தில் கோல்ச்சானி என்ற சிற்றூர் உப்பைத்தான் தின்கிறது, உப்பால்தான் கட்டப்பட்டிருக்கிறது. நாங்கள் நின்ற கொட்டகையில் என் மகள் வயதுப் பெண் ஒருத்தி, காய்ச்சி அரைத்த உப்பைப் பையில் அள்ளிப் போட்டு, பையின் வாயைத் தீச்சுடரில் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கியபடி, விரல் சுடாமல், ஒன்றன்பின் ஒன்றாக. என் அம்மாவைப் பெற்ற ஆச்சி தூத்துக்குடியில் அளத்து வேலைக்குப் போனவள். வெயில் ஏறுமுன் முடிக்க இருட்டிலேயே கிளம்புவாளாம். பலகையால் வாரிக் குவித்த உப்பைத் தலையில் சுமந்து கரையேற்ற வேண்டும். காலில் ஆறாத புண்ணும், வெள்ளையைப் பார்த்துப் பார்த்து மங்கிய கண்ணும் அவளுக்கு மிச்சம். அளத்தில் மறைப்பு கிடையாது, அதனால் பகலெல்லாம் தண்ணீர் குடிக்க மாட்டாளாம். நெய்தல் நிலத்தின் உப்பைப் பாடிய கவிதைகளில் உமணரின் வண்டி வருகிறது, விலை கூவும் பெண்ணின் குரலும் வருகிறது. சிறுநீரை அடக்கியபடி உப்பு வாருகிறவள் வருவதில்லை.

அந்த அடக்கம் எனக்கு இரண்டாம் நாள் வாய்த்தது. 4,000 மீட்டருக்கு மேல், ஏரி ஏரியாகத் தாண்டிப் போகும் பாதை. புதர் இல்லை, பாறை இல்லை, ஜீப்பின் நிழல் தவிர மறைவே இல்லை. ஓட்டுநர் நிறுத்தி, “இயற்கைக் கழிப்பறை” என்று சிரித்தார். ஆண்கள் நாலடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுவிட்டு வந்துவிட்டார்கள். எனக்கு நாற்பத்தேழு வயது. மாதவிலக்கு இரண்டு மாதம் வராமல் இருக்கும், வந்தால் வெள்ளமாக வரும். அன்று வந்தது. குளிருக்குப் போர்த்தக் கொண்டுபோயிருந்த பழைய நூல்சேலை ஒன்று என் பையில் இருந்தது. எடுத்தேன். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அர்ஜென்டினாக்காரிகள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள், கொரியாப் பெண் நடுவில் பிடித்தாள், அறுபது தாண்டிய பிரெஞ்சு அம்மா காற்றுக்கு எதிர்ப்பக்கம் தன் கோட்டை விரித்து நின்றாள். ஐந்து கஜத்துக்கு ஒரு சுவர். அதன் பிறகு நிறுத்திய ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சேலையை யாராவது ஒருத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காரைக்கால் அம்மையார் அன்று நினைவுக்கு வந்தார். நம் மரபில் தன் விருப்பத்தின் பேரில் மலைக்குத் தனியே போன பெண். போவதற்கு முன் அவர் செய்ய வேண்டியிருந்தது, தசையை உதறிப் பேயுருக் கொள்வது. அழகும் இளமையும் ஒட்டிய உடலோடு ஒரு பெண் தனி வழி போக முடியாது என்பது ஆறாம் நூற்றாண்டுக்குத் தெரிந்திருக்கிறது. நான் உடலோடு போயிருந்தேன். தலைவலிக்கிற, மூச்சு முட்டுகிற, ரத்தம் போகிற உடலோடு. மூன்று கண்டத்துப் பெண்கள் ஆளுக்கொரு முனை பிடிக்க, அந்த உடலும் பாலையைக் கடந்தது.

மாலையில் லகுனா கொலராதா, செவ்வேரி. பாசி தரும் செம்மண் சிவப்பில் தண்ணீர், நடுவே வெண்காரத் திட்டுகள். 4,200 மீட்டருக்கு மேல், உறைகிற குளிரில், பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. பூநாரைக் குஞ்சுகளுக்குப் பால் உண்டு. தொண்டைப் பையில் ஊறும் சிவந்த பால். அதைத் தாயும் ஊட்டும், தந்தையும் ஊட்டும். ஊட்டி ஊட்டி இரண்டின் இறகும் நிறம் வெளுத்துப்போகும். பசலை இங்கே பாலூட்டியதால் வருகிறது, அதுவும் இருவருக்கும்.

அன்று இரவு தங்கியது ஏரிக்கரையில் இருந்த மண்செங்கல் விடுதியில். அறைக்கு ஆறு கட்டில். மின்சாரம் மாலையில் சில மணி நேரம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியையும் தாண்டிய குளிர். சமையலறையில் என் வயதுள்ள ஒரு பெண். இரட்டைப் பின்னல், பொயேரா எனப்படும் அடுக்குப் பாவாடை, அதன் மேல் ஏப்ரன். கீன்வா போட்ட சூப்பை ஆவி பறக்க எங்கள்முன் வைத்தாள். நாங்கள் அந்த நாளில் பார்த்த எல்லாக் காட்சிகளையும்விட அந்தக் கிண்ணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணவர் எல்லைக்கு அப்பால் சிலியின் கலாமா நகரத்தில், சுரங்க வேலை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். பொருள்வயின் பிரிவு.

பிரெஞ்சு அம்மா கேட்டாள், இங்கே தனிமையாக இல்லையா என்று. அர்ஜென்டினாக்காரி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். “தனிமையா? இன்னைக்கு மட்டும் முப்பத்தாறு பேருக்குச் சூப்.” பிறகு விரல் மடக்கிச் சொன்னாள். காலை நாலரைக்கு முதல் ஜீப் கிளம்பும், அதற்கு முன் வெந்நீர். எல்லோரும் போனதும் விரிப்புகள். குழாயில் தண்ணீர் உறைந்திருந்தால் வெயில் வந்த பிறகுதான் பாத்திரம். மாமியாரிடம் லாமாக்கள் இருக்கின்றன, குட்டி போடும் பருவத்தில் அங்கே போக வேண்டும். எரிவாயு உருளை எப்போது வரும் என்பதைக் கணக்கு வைக்க வேண்டும். உயுனிப் பள்ளியில் படிக்கும் மகனுக்கு வாரம் ஒருமுறை ஜீப்காரர்கள் கையில் ரொட்டியும் பணமும் கொடுத்தனுப்ப வேண்டும். கணவர் எப்போது வருவார் என்பது அந்தப் பட்டியலில் கடைசியில்கூட வரவில்லை.

சொல்லி முடித்துவிட்டு என்னைக் கேட்டாள்: “உங்க வீட்டுல இப்ப யார் சமைக்கிறாங்க?”

“அம்மா” என்றேன். அவள் தலையாட்டினாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. துறையில் கேட்டபோது தைத்த கேள்வி இங்கே தைக்கவில்லை. அங்கே அது ‘நீ ஏன் போகிறாய்’ என்று கேட்டது. இங்கே, வேலை தெரிந்த ஒருத்தி அந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று விசாரித்தாள்.

உயுனிக்குப் பக்கத்தில், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தூரத்தில், புலகாயோ என்ற சுரங்க ஊர் இருக்கிறது. தொமிதிலா பாரியோஸ் தெ சுங்காரா வளர்ந்த ஊர். 1937இல் பிறந்தவர். சிறுவயதில் தாயை இழந்து, தங்கைகளைத் தூக்கி வளர்த்தவர். பிறகு சிக்லோ பெய்ன்தே சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவி. அங்கே 1961இல் உருவான இல்லத்தரசிகள் குழுவின் தலைவிகளில் ஒருவரானார். சுரங்கக்காரனின் மனைவி சம்பளமில்லாமல் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்ப்பதால்தான் அவன் மறுநாள் குழிக்குள் இறங்க முடிகிறது, ஆகவே நிறுவனம் ஒரு கூலியில் இரண்டு பேரை வேலை வாங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். 1975இல் மெக்சிகோவில் உலகப் பெண்கள் ஆண்டையொட்டி நடந்த மன்றத்தில், நாம் எல்லோரும் பெண்கள்தானே என்று பேசிய வசதியான பிரதிநிதியிடம் அவர் எழுப்பிய கேள்வி இன்னும் கூர்மையாக இருக்கிறது: உங்கள் உடையையும் காரையும் வீட்டையும் பாருங்கள், என்னுடையதைப் பாருங்கள், நம் இருவருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? 1977ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் நான்கு சுரங்கத் தொழிலாளர் மனைவிமார் பிள்ளைகளோடு லா பாஸ் நகரில் உண்ணாநோன்பு தொடங்கினார்கள். தொமிதிலாவும் சேர்ந்தார், நாடே சேர்ந்தது. பான்செரின் ராணுவ அரசு பொதுமன்னிப்பு அறிவிக்க வேண்டி வந்தது. சோறு பொங்குகிறவர்கள் சோற்றை மறுத்தபோது நடந்தது அது.

தொமிதிலாவின் கேள்வி அந்த ஜீப்பிலும் ஒரு இருக்கை பிடித்து உட்கார்ந்திருந்தது. சேலையின் முனைகளைப் பிடித்த நாங்கள் எல்லோரும் பயணச்சீட்டு வாங்கியவர்கள். சூப் வைத்தவள் அப்படியில்லை. ஒரு சேலைக்குள் எல்லாப் பெண்களும் அடங்கிவிடுவதில்லை. எங்கள் பிரிதல் அவளுடைய இருத்தலின் மேல் ஓடியது. வீட்டில் அம்மாவுடைய இருத்தலின் மேலும் ஓடியது. அன்று தலைவன் கடந்துபோன சுரத்திலும் யாரோ ஒருத்தி குடிசையில் அடுப்பு மூட்டியிருப்பாள். கடந்துபோகிறவனுக்குத்தான் அது பாலை.

இருக்கிறவர்கள் எப்போதும் இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. லா பாஸ் பக்கத்து ஐமாரா பெண்கள் சிலர் பனிமலை ஏறுகிறவர்களின் முகாமில் சமையல்காரிகளாகவும் சுமைதூக்கிகளாகவும் இருந்தவர்கள். கணவர்கள் பலர் மலைவழிகாட்டிகள். மேலே போய் வந்தவர்கள் மேலே என்ன இருந்தது என்று சொல்லக் கேட்டுக்கொண்டே ஆண்டுக்கணக்கில் சூப் காய்ச்சினார்கள். 2015இல் தாங்களே ஏறத் தொடங்கினார்கள். 2019 ஜனவரியில், தென்னமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான, ஏறத்தாழ 6,960 மீட்டர் உயரமுள்ள அகோன்காகுவாவில் அதே அடுக்குப் பாவாடையோடு போய் நின்றார்கள். உடலையோ உடையையோ உதறிவிட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பினோம். 4,800 மீட்டருக்கு மேலே சோல் தே மன்யானா, பூமிக்குள்ளிருந்து கொதிசேறும் நீராவியும் கிளம்பும் இடம். பிறகு வெந்நீர்க் குளம், எல்லையில் லிகான்காபுர் எரிமலையின் அடியில் பச்சை ஏரி. மாலையில் உயுனி. கைபேசிக்கு உயிர் வந்ததும் மூன்று நாள் செய்திகள் ஒன்றாக வந்து விழுந்தன. மகளின் மதிப்பெண், கல்லூரி வாட்ஸப் குழுவின் நூற்றுப்பத்து செய்திகள், அம்மாவிடமிருந்து ஒரே ஒரு குரல்பதிவு: “ஏட்டி, பெருஞ்சீரக டப்பா எங்க வச்சிருக்க?”

அழைத்துச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன், “உனக்கு எங்கயாவது போவணும்னு இருக்காம்மா?” கோயில் குளம் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஊட்டிக்குப் போவணும்ட்டி. தண்ணி புல்லுமேல ஒறைஞ்சு கெடக்குமாமே. அதைப் பாக்கணும்.” என் கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு, அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு, அப்பாவின் ஆஸ்பத்திரிக்கு என்று நாற்பது ஆண்டுகளாக அவள் போன ஊர்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். போன இடத்திலெல்லாம் சமைத்திருக்கிறாள்.

தமிழில் ‘இரு’ என்ற சொல் எத்தனை வேலை செய்கிறது. உயிரோடு இருப்பதற்கும் அதுதான், உட்காருவதற்கும் அதுதான், காத்திருப்பதற்கும் அதுதான், வீட்டை விட்டு நகராதே என்று பெண்ணுக்குச் சொல்வதற்கும் அதுதான். முல்லையின் இருத்தலைக் காத்திருத்தல் என்று மட்டும் படிக்க நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். செவ்வேரிக் கரையில் நான் பார்த்த இருத்தலில் காத்திருத்தல் மிகக் கொஞ்சம். மிச்சமெல்லாம் வேலை, கணக்கு, அறிவு. வேலை என்றால் முறை மாற்றிக்கொள்ள முடியும்.

ஜனவரியில் அம்மா தெருப்பெண்கள் ஒன்பது பேரோடு வேன் பேசி ஊட்டிக்குப் போனாள். நான்கு நாள். ஆச்சி போட்டிருந்த பழைய கம்பளிச் சால்வையும், என்னிடமிருந்த அந்த நூல்சேலையும் பையில் இருந்தன. வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று நான் சொல்லாமலே எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த நான்கு நாளும் தூத்துக்குடி வீட்டில், அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் பிடித்து, பெருஞ்சீரக டப்பாவைத் தேடிக்கொண்டு, நான் இருந்தேன்.